கார் ஒலிபெருக்கிகளின் ஒலியியல் வரலாறு

ஒரே இசையைப் பல ஒலிபெருக்கிகள் எழுப்பும்போது அவற்றின் ஒலியலைகள் சில இடங்களில் கூடும். சில இடங்களில் ஒன்றையொன்று குறைக்கும். இது குறுக்கீட்டு விளைவு எனப்படும். கார் ஒலியமைப்பின் வரலாறு பெரும்பாலும் இச்சிக்கலைச் சமாளித்த வரலாறே.

இதன் தொடக்கம் காருக்கு முந்தையது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1881இல் பாரிஸ் மின்பொருட்காட்சியில் கிளெமான் அடேர் என்ற பொறியாளர், இசை அரங்கின் ஒலியைத் தொலைபேசிக் கம்பிகளில் கொண்டுவந்து, இரு காதுக்கும் தனித்தனிக் கேட்பான் தந்தார். கேட்டவர்களால் பாடகர் நிற்கும் திசையை உணர முடிந்தது. காதருகே கேட்பான் இருந்ததால் இரு ஒலிகளும் காற்றில் கலக்கவில்லை; அதனால் சிக்கலும் எழவில்லை.

1930இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மோட்டோரோலா கார் வானொலியில் ஒரே ஒலிபெருக்கிதான். 1965இல் ஃபோர்டு நிறுவனம் தன் கார்களில் எட்டுத்தட நாடாவை அறிமுகப்படுத்தியபோது கார்களில் ஸ்டீரியோ பரவலாயிற்று. சிக்கலும் உடன் வந்தது.

புதுச்சேரியில் ஓடும் காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வலக் கதவின் ஒலிபெருக்கி அவருக்கு 70 செ.மீ., இடக் கதவினது 130 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், வேறுபாடு 60 செ.மீ. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், இட ஒலி ஏறத்தாழ 1.75 மில்லிநொடி பிந்தும். 286 ஹெர்ட்ஸ் அளவில் இந்த 60 செ.மீ. சரியாக அரை அலைநீளம். அங்கே இரு அலைகளும் எதிரெதிராகச் சந்தித்து ஒலி மெலியும். மனிதக் குரலின் அதிர்வெண்களும் இப்பகுதியில் உண்டு. பாடகர் நடுவிலன்றி வலக் கதவருகே பாடுவதாகவும் தோன்றும்.

முந்தி வரும் ஒலியே திசையைத் தீர்மானிக்கிறது என்பதை 1949இல் ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் விரிவாக ஆராய்ந்தார். 1951இல் லண்டன் தூய பவுல் பேராலயத்தில், தொலைவிலுள்ள ஒலிபெருக்கிகளின் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, போதகரின் குரல் அவரிடமிருந்தே வருவதாகக் கேட்கச் செய்தனர். பின்னாளில் எண்முறைச் செயலிகள் வந்தபோது இதே உத்தி காருக்குள் நுழைந்தது: அருகிலுள்ள ஒலிபெருக்கியை அந்த 1.75 மில்லிநொடி காக்கவைத்தால் இரண்டும் ஒருசேர வந்தடையும். ஆனால் ஓட்டுநருக்குச் சரியானது இடப்பக்கம் அமர்ந்தவருக்கு இன்னும் மோசமாகும். இதற்கு முழுத் தீர்வு இல்லை.

அம்பாசடர் காலத்தில் பின்கண்ணாடிப் பலகையில் இரு ஒலிபெருக்கிகளைப் பொருத்துவது வழக்கம். ஒன்றின் கம்பிகள் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர், காரை விடப் பெரிது என்பதால், தாழ்ஒலி கார் முழுவதும் மெலிந்துபோகும். பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் இது மாறாது. இரு கம்பிகளை இடம்மாற்றினால் போதும்.