மிசெஜனேஷன்

மிசெஜனேஷன் (பெ.): வெவ்வேறு இனத்தவர், குறிப்பாக வெள்ளையரும் கறுப்பரும், மணத்தாலோ உறவாலோ கலத்தல். லத்தீன் ‘மிஸ்கேரே’ (கலத்தல்), ‘கெனுஸ்’ (இனம்) என்னும் சொற்களை ஒட்டவைத்துச் செய்யப்பட்டது. பழைய வழக்கு ‘அமால்கமேஷன்’; அது பாதரசக் கலவையைக் குறிக்கும் தொழிற்சொல்.

1863 டிசம்பரில் நியூயார்க்கில் பெயரின்றி வெளியான ஒரு சிறுநூலில் இச்சொல் பிறந்தது. இனக்கலப்பைப் போற்றுவதாக நடித்த அந்நூலை எழுதியவர்கள், அமெரிக்க அதிபர் லிங்கனை எதிர்த்த நாளிதழைச் சேர்ந்த டேவிட் குரோலியும் ஜார்ஜ் வேக்மனும். 1864 தேர்தலில் லிங்கன் கட்சிமீது வெறுப்பைக் கிளப்புவதே நோக்கம். புரளி அம்பலமானது, சொல் நிலைத்தது.

1958இல், வெவ்வேறு இனத்தவர் மணப்பதைத் தடைசெய்திருந்த வர்ஜீனியாவில், நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்த காவலர்கள் அப்படி மணந்த ரிச்சர்ட், மில்ட்ரெட் லவ்விங் தம்பதியைக் கைதுசெய்தனர். சுவரில் தொங்கிய திருமணச் சான்றிதழ் அவர்களைக் காக்கவில்லை. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய தடைச்சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. இழிவு தோய்ந்த இச்சொல்லை வரலாறு பேசும் இடத்தில் மட்டுமே ஆள்வது முறை.