குறைந்த விலை எனும் கவசம்

அரசுக் கட்டடத்தின் சுவரில் விரிசல் கண்டால், புதிய சாலை முதல் மழையிலேயே பெயர்ந்தால், பழி பெரும்பாலும் ஒரு விதியின் மீது விழுகிறது: மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே பணி. அலுவலக வழக்கில் அவர் பெயர் 'எல்-1'. இத்தனை குறை கூறப்பட்ட விதி ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதே வரலாறு விடை தேட வேண்டிய கேள்வி.

டல்ஹௌசியின் ஆட்சிக்காலத்தில், 1854இல், பொதுப்பணிகள் இராணுவ வாரியத்திடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்துறையின் பொறுப்பாயின. இத்துறையில் வேரூன்றிய நடைமுறைக்கு ஒரு தர்க்கம் உண்டு. கல், சுண்ணாம்பு, கலவை விகிதம் அனைத்தையும் பொறியாளர் விவரக்குறிப்பில் எழுதிவிடுகிறார். யார் எடுத்தாலும் கட்டப்போவது ஒரே கட்டடம். ஆகவே போட்டியாளர்களிடையே வேறுபடுவது விலை மட்டுமே. தரத்தைக் காக்க வேண்டியவர் மேற்பார்வைப் பொறியாளர். அந்தக் கண்காணிப்பு தளர்ந்தால் முழுத் தர்க்கமும் தளரும்.

அது தளர்ந்திருந்ததை விடுதலைக்குப் பிந்தைய அரசே பதிவு செய்தது. 1962இல் அமைக்கப்பட்ட கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு, கட்டுமான ஒப்பந்தங்களில் ஒரு விழுக்காடு கைமாறுவது வழக்கமாகிவிட்டதைச் சாட்சியங்களின் வழி எடுத்துரைத்தது. அதன் பரிந்துரையால் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்பட்ட பின் நடக்கும் பேரத்தை, எல்-1 நிறுவனத்துடன் தவிர வேறெவருடனும் நடத்தக் கூடாதென 1998 நவம்பரில் அவ்வாணையம் தடை விதித்தது. அதிகாரியின் விருப்புரிமை சுருங்கச் சுருங்க, எண் ஒன்றே நேர்மையின் சான்றாயிற்று.

சட்டம் இவ்வளவு இறுக்கத்தைக் கோரவில்லை. மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியையும் மறுக்கும் உரிமை அரசுக்கு உண்டென 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனால் இரண்டாம் விலைக்காரரைத் தேர்ந்தவர் தணிக்கைக்கு விளக்கம் தர வேண்டும். எல்-1ஐத் தேர்ந்தவரிடம் எவரும் கேட்பதில்லை. விரிசல் தெரியும் நாளில் அவர் மாற்றலாகியிருப்பார். இரட்டை உறை முறையும் இதை மாற்றவில்லை. தொழில்நுட்ப உறையில் தேறியவர் அனைவரும் சமமாயினர். மிகச் சிறந்தவருக்கும் வரம்பைத் தொட்டவருக்கும் இடையிலான வேறுபாடு அந்த வாசலிலேயே மறைந்தது.

2021 அக்டோபர் 29 அன்று மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட அறிவுறுத்தல்கள் இந்த இடத்தில் ஒரு திறப்பை உண்டாக்கின. ஆலோசனைச் சேவைகளில் முன்பே வழங்கிவந்த 'தரமும் விலையும் சார்ந்த தேர்வு' முறை, தரம் முதன்மையானதென உரிய அதிகாரி அறிவிக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் விலை சாராக் கூறுகளின் எடை 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

இவ்வரம்பின் பொருளை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். முதல் நிறுவனத்தின் தர மதிப்பெண் 90, விலை 110 கோடி ரூபாய். இரண்டாவதன் மதிப்பெண் 70, விலை 100 கோடி. குறைந்த விலைக்கு 100 மதிப்பெண், மற்றதற்கு விகிதப்படி 90.9. தரத்துக்கு 30, விலைக்கு 70 என எடையிட்டால் முதலாவது 90.64, இரண்டாவது 91. தரத்தில் 20 மதிப்பெண் முன்னிலையும் 10 கோடி வேறுபாட்டிடம் தோற்கிறது. இருபுறமும் 50 எனில் முதலாவதே வெல்லும். 1964இன் அவநம்பிக்கை 2021இன் விழுக்காட்டிலும் தொடர்கிறது.

அந்த அவநம்பிக்கை காரணமற்றதன்று. விலையை உறை சொல்லும். தரத்தை மனிதர்களே மதிப்பிட வேண்டும். ஆண்டு வருவாயும் முந்தைய பணிகளின் பருமனும் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டால், நன்றாகக் கட்டும் சிறு ஒப்பந்ததாரர் தோற்று, பெரியவர் எனும் ஒரே தகுதியுடையவர் வெல்லக்கூடும். முன்பு கட்டியவை ஐந்து, பத்து ஆண்டுகளுக்குப் பின் எப்படி நிற்கின்றன என்ற பதிவேடும், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எழுதி வெளியிடப்படும் காரணமும் இல்லாத வரை, எடையை உயர்த்துவது பழைய விருப்புரிமைக்குப் புதுப்பெயர் சூட்டுவதாகவே முடியும். அவை இருந்தால், எல்-1 என்ற கவசமின்றியும் ஓர் அதிகாரி துணிந்து கையொப்பமிடலாம்.