பொதுச் சைக்கிள்களும் தடமறி கருவிகளும்

பலர் மாறி மாறி ஓட்டும் சைக்கிள் இப்போது எங்கே நிற்கிறது, கடைசியாக எடுத்தவர் யார் என்று அறிய உதவும் பூட்டு, அட்டை, கருவி எல்லாவற்றையும் சேர்த்துத் தடமறி தொழில்நுட்பம் என்கிறோம். இதன் வரலாறு செயற்கைக்கோளைக் கொண்டு இடமறிவதற்கு முந்தியது. இலங்கையின் மட்டக்களப்பில் சைக்கிள் களவு போனால் பொலிஸ் முறைப்பாட்டில் கேட்கப்படுவது பிரேம் நம்பர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளிவரும் வரி அட்டவணைகளில் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 4 ரூபாய், வியாபாரத்துக்கு ஓடும் சைக்கிளுக்கு 18 ரூபாய், யானைக்கு 50 ரூபாய் என்று வரிசையாக இருக்கும். வரி கட்டுபவரின் பெயர் ஏட்டில் ஏறும். வண்டிக்கு ஒரு பொறுப்பாளி இருப்பார்.

பொதுச் சைக்கிளுக்கு அந்தப் பொறுப்பாளி இல்லை. 1965இல் ஆம்ஸ்டர்டாமில் புரோவோ இயக்கத்தைச் சேர்ந்த லுயுட் ஸ்கிம்மெல்பென்னிங்க், வெள்ளை வர்ணம் பூசிய சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விடும் திட்டத்தை முன்வைத்தார். பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி குற்றம் என்று பொலிஸார் அவற்றை அள்ளிச் சென்றனர். 1993இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் விடப்பட்ட பச்சைச் சைக்கிள்கள் வெகு சீக்கிரம் காணாமற்போயின. 1995இல் கோப்பன்ஹேகன் ஒரு நாணயப் பூட்டைக் கொண்டுவந்தது: 20 குரோனர் போட்டால் சைக்கிள் வரும், திருப்பி வைத்தால் காசு வரும். எடுத்தவர் யார் என்பது அந்த நாணயத்துக்குத் தெரியாது.

அந்தக் குறையைப் பயனாளரை அடையாளம் காட்டும் அட்டை தீர்த்தது. 1996இல் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகமும் 1998இல் பிரான்சின் ரென் நகரமும் அட்டை முறையைத் தொடங்கின. 2005இல் லியோன், 2007 ஜூலையில் பாரிஸ் என்று அது பெருகியது. ஆனால் அட்டை அறிவது இரண்டு கணங்களை மட்டுமே: சைக்கிள் தரிப்பிடத்தை விட்ட நேரம், திரும்பி வந்த நேரம். நடுவில் நடப்பது இருட்டு. பாரிஸில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 8,000 சைக்கிள்கள் தொலைந்தன.

2016இல் ஷாங்ஹாயில் இறங்கிய மொபைக் நிறுவனம் பூட்டுக்குள்ளேயே ஜிபிஎஸ் கருவியையும் சிம் அட்டையையும் வைத்தது. கைபேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் சேவையகத்திலிருந்து உத்தரவு வந்து பூட்டு திறக்கும். இதற்கான மின்சாரம் முதல் வகைச் சைக்கிளில் பெடல் மிதிப்பதிலிருந்தும், அடுத்து வந்த இலேசான வகையில் கூடையின் அடியில் பொருத்திய சூரியத் தகட்டிலிருந்தும் கிடைத்தது. போட்டி நிறுவனமான ஓஃபோவின் ஆரம்பகாலச் சைக்கிள்களில் இருந்ததோ மாறாத எண் பூட்டு. ஒருமுறை எண்ணைத் தெரிந்துகொண்டவர் பிறகு காசு கொடுக்காமலே ஓட்டினார்.

கருவி வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. சிங்கப்பூரில் நடைபாதைகளை அடைத்துக்கொண்டு சைக்கிள்கள் குவிந்தன. 2018 ஜூனில் ஓபைக் நிறுவனம் திடீரென மூடியபோது பயனாளர்கள் கட்டிய வைப்புப் பணம் சிக்கிக்கொண்டது. நெருங்கிய கட்டடங்களுக்கிடையே ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலே போதும், சைக்கிள் கோட்டுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று சொல்ல முடியாது. அதனால் 2019 முதல், தரிப்பிடத்தில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் பயணம் முடியும் என்ற விதி வந்தது. விண்ணிலிருந்து வந்த விடையை ஒரு ஸ்டிக்கர் திருத்தியது. மைசூரில் 2017 ஜூனில் 450 சைக்கிள்களோடு தொடங்கிய 'டிரின் டிரின்' திட்டமோ நிலையான தரிப்பிடங்களையே நம்பியது.

இலங்கையின் பங்கு வேறொரு கிளையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின், எஃப். கே. டே, லியா மிஸ்பாக் டே இருவரும் 2005இல் தொடங்கிய வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் அமைப்பு, வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. அந்த அனுபவத்தோடு சாம்பியாவுக்குப் போன அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கும்போது ஒப்பந்தம் எழுதி வாங்கியது. சைக்கிள் படிப்புக்குத்தான் ஓடுகிறதா என்று பார்க்க ஊர்க் குழுக்களை அமைத்தது. இதுவும் தடமறிதல்தான். மின்கலம் தேவைப்படாத தடமறிதல்.

மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இந்த இரண்டு கிளைகளும் பொருந்தும். எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கும் வாவி 50 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலத்தின் பக்கத்தில் 2013இல் புதியது வந்தது. 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிளாந்துறைத் துறைகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு 'பாதை' என்ற மிதவையில் ஏறித்தான் ஆட்கள் கடந்துவந்தார்கள். பொதுச் சைக்கிள் மென்பொருள்கள் வரைபடத்தில் ஓர் எல்லை வரைந்து, அதைத் தாண்டும் வண்டிக்கு எச்சரிக்கை அனுப்பும். இங்கே அந்த எல்லையை நகரத்தில் போடுவதுபோல் போட்டால், பாதையில் ஏறிய ஒவ்வொரு சைக்கிளும் தண்ணீரில் மிதக்கும் களவுப் பொருளாகிவிடும். வயல்வெளியிலும் வாவிக்கரையிலும் வானம் திறந்திருப்பதால் ஜிபிஎஸ் துல்லியமாக வேலை செய்யும். உப்புக்காற்றுதான் மின் இணைப்புகளை அரிக்கும்.

2022 எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளை விட்டு மறுபடி சைக்கிள் மிதித்த இந்த மக்களுக்கு, எரிபொருள் பங்கீட்டு அட்டையால் கியூஆர் குறியீடும் பழகிவிட்டது. பயணத் தடம் என்பது வேறு விஷயம். யார் எத்தனை மணிக்கு எந்த ஊருக்குப் போனார் என்ற பதிவு, போர்க்காலச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்த தலைமுறைக்குச் சாதாரணத் தரவு அல்ல. ஆகவே இங்கே அமையும் திட்டம் எதுவானாலும் சைக்கிள் நிற்கும் இடத்தைப் பதியலாம். ஓட்டியவர் பெயரோடு அவர் போன வழியைச் சேர்த்து வைக்கக் கூடாது. பயணம் முடிந்து கணக்குத் தீர்ந்ததும் வழிப் பதிவு அழிக்கப்பட வேண்டும்.