கட்டுமரமும் ஒட்டுமரமும்

திருப்பதியில் இருந்துகொண்டு மாதிரிக் கப்பல்களைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது சூலூர்ப்பேட்டை வட்டாரமும் அதனை ஒட்டிய பழவேற்காட்டு ஏரிப் பகுதியும் இதற்குள் வந்தன. ஆயினும் இவ்வூர் மரவேலை என்றதும் நினைவுக்கு வருவது படகன்று; செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சியும், ஏர்ப்பேடு அருகே மாதவமாலையில் உருவாகும் தெய்வச் சிற்பங்களுமே.

அண்மையில் இங்குள்ள கைவினைக் கடையொன்றில் சாண் நீளமுள்ள கட்டுமர மாதிரி ஒன்றைக் கண்டேன். மெருகு குறைவற்றது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது கட்டைகளுக்கிடையே பசை இருந்தது. மேலே சுற்றியிருந்த கயிறு எதனையும் கட்டவில்லை, வெறும் அலங்காரம். கடலில் ஓடிய கட்டுமரமோ கரை சேர்ந்ததும் கயிறு அவிழ்க்கப்பட்டு, கட்டைகள் தனித்தனியே உலர்ந்து, மீண்டும் பிணைக்கப்பட்டது. அவிழ்க்க முடியாத ஒன்றைக் கட்டுமரம் என்று எவ்வாறு அழைப்பது? ஆங்கிலத்துக்குச் சென்ற இச்சொல் இன்று இரட்டை உடல் கொண்ட கலத்தைக் குறிக்கிறது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். நம் கடைத்தெருவில் அது ஒட்டுமரமாகிவிட்டதைக் கவனிப்பதில்லை.

ஒரு மாதிரி எதனைப் பதிவு செய்கிறது என்பதே என் கேள்வி. இங்கிலாந்தின் கடற்படை நிருவாகத்துக்காக 17ஆம் நூற்றாண்டு முதல் செய்யப்பட்ட மாதிரிகள் ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 1:48 என்னும் அளவில் அமைந்தவை. அவற்றுட் பலவற்றில் கீழ்ப்பகுதிக்குப் பலகை பொருத்தாமல் விலாச் சட்டங்களைத் தெரியும்படி விட்டுவைத்தனர். முதலில் ஏரா, அடுத்து விலா (தமிழில் வங்கு), இறுதியில் பலகை என்னும் முறையில் எழும் கலத்தின் அடிக்கூட்டை அம்மாதிரி திறந்து காட்டியது. இன்றும் மாதிரிக் கப்பல் செய்வோர் பெரும்பாலும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றனர். அவர்களுடைய பிடிகுறடுகளும், பலகையை நீராவியில் வளைக்கும் உத்திகளும் இவ்வரிசைக்கு ஏற்ப அமைந்தவை.

சோழமண்டலக் கரையின் சலங்குக்கு இவ்வரிசை பொருந்தாது. ஆங்கிலேயர் மசூலா என்றும் பிரெஞ்சுக்காரர் 'ஷெலாங்' என்றும் எழுதியது இதனையே. பின்னது சலங்கு என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு. இதில் விலாச் சட்டம் இல்லை. பலகைகளின் விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, மூட்டின்மேல் நார்த்திரணை வைத்து, தென்னங்கயிற்றால் தைத்தனர். துறைமுகம் கட்டப்படாத காலத்துச் சென்னையில் பயணிகளும் சரக்கும் அலையைக் கடந்து கரையேறியது இத்தகைய படகுகளில்தான். ஆணி அடித்த விறைப்பான படகு மணலில் மோதினால் பிளக்கும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும்.

இதனை அளந்து வரைந்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சுவா எத்மோன் பாரிஸ் (ஊர்ப்பெயரன்று, ஆள்பெயர்) என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1830களில் இக்கரைக்கு வந்தார். பின்னொரு பயணத்தில் இந்தியாவில் இயந்திரமொன்றில் சிக்கித் தம் இடக்கையை இழந்தார். ஐரோப்பியரல்லாத மக்களின் கலங்கட்டும் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1841 முதல் வெளிவந்தது. 1871இல் லூவர் அரண்மனையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளரான பின்பு, தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளைச் செய்வித்தார். நம் கரையின் கலங்களை ஒப்பிட்டறிய விரும்பும் ஆய்வாளர் இன்றும் அவ்வரைபடங்களையே நாடவேண்டியுள்ளது. இது எனக்கு மகிழ்ச்சியும் கூச்சமும் ஒருங்கே தருகிறது.

மரப்பாச்சி மரபு இங்கே உதவுமா என்றும் எண்ணிப் பார்த்தேன். சிற்பி ஒற்றைக் கட்டையிலிருந்து வேண்டாததைக் கழிக்கிறார். சலங்கின் வெளிவடிவத்தை அவர் உளியாலும் கொட்டாப்புளியாலும் எளிதில் கொண்டுவந்துவிடுவார். ஆனால் தையல் வராது. 32 அடிச் சலங்கு 1:48 அளவில் 8 அங்குலம். ஓர் அங்குலப் பலகை அரை மில்லிமீட்டர். அந்தத் தடிப்பில் தேக்குச் சீவல் இரண்டினை எடுத்து நானே தைக்க முயன்றேன். கைத்துரப்பணத்தால் இட்ட துளைகள் மர இழையின் ஒரே கோட்டில் விழுந்தன. நூலை இறுக்கியதும் சீவல் நெடுக வெடித்தது. இரண்டாம் முறை துளைகளைச் சற்று மேலும் கீழுமாக மாற்றி இட்டேன், மூட்டு நின்றது. ஆனால் இரு சீவல்களும் சேருமிடத்தில் நூல் தளர்ந்தே இருந்தது. மூட்டின்மேல் சிறிது பஞ்சுத்திரி வைத்த பிறகே நூல் இறுகியது. நார்த்திரணை நீர் புகாமல் தடுப்பதற்கு மட்டும் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

மொழியியல் மாணவனாகிய எனக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. சுக்கான் அரபு வழியாகவும் நங்கூரம் பாரசீக வழியாகவும் வந்தவை என்பதை வகுப்பறையில் சொல்லிவிடுகிறோம். அந்த நார்த்திரணைக்கும், துளை வரிசைக்கும், குறுக்கே செல்லும் கயிற்றின் ஒவ்வொரு சுற்றுக்கும் தைத்தவர்கள் வழங்கிய சொற்கள் எவை? கண்ணாடியிழைப் படகுகள் பரவிய பின்பு அச்சொற்களைப் பேசுவதற்கான தேவையே குறைந்துவிட்டது. பெயரைக் கேட்டால் முதியவர்கள் தயங்குகின்றனர். பொருளைக் கையில் கொடுத்தால் சொல் தானே வந்துவிடுவதைக் களப்பணியில் வேறு தொழில்களில் கண்டிருக்கிறேன். எனவே மூன்று பலகை கொண்ட, அவிழ்த்துத் தைக்கக்கூடிய பெரிய அளவு மாதிரித் துண்டு ஒன்றைச் செய்யத் தொடங்கியுள்ளேன். பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரை, தைத்த படகில் வேலை செய்த பெரியவர்களை அறிந்தோர் தெரிவித்தால், அதனை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.