பொன் தேரை காணாமல் போன கதை

ஒரு காட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என்ன செய்வோம்? மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது என்று சட்டம் போடுவோம். இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒரு உயிரினம் அழிந்த வரலாறு இது.

மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய நாடு கோஸ்டா ரிக்கா. 1948ல் தன் ராணுவத்தையே கலைத்த நாடு. போரை வெறுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் 1951ல் அமெரிக்காவிலிருந்து அங்கே குடியேறினார்கள். ஊருக்கு மொன்டெவெர்டே, அதாவது பச்சை மலை, என்று பெயர் வைத்தார்கள். பால் மாடு வளர்த்து வாழ்ந்த அவர்கள், ஓடைக்கு நீர் தரும் மலைக்காட்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். 1972ல் அது மேகக்காட்டுக் காப்பகமாக வளர்ந்தது.

அந்த மலை முகட்டில் சில சதுர கிலோமீட்டருக்குள் மட்டுமே வாழ்ந்தது பொன் தேரை. ஆண் தேரை பளபளக்கும் ஆரஞ்சு நிறம். 1966ல் இதை உலகுக்கு அறிவித்த ஜே சாவேஜ், யாரோ பெயின்டில் முக்கி எடுத்துவிட்டார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டாராம்! வருடம் முழுக்க ஒளிந்திருக்கும். மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் வெளியே வந்து, மர வேர்களுக்கு இடையே தேங்கும் நீரில் முட்டையிடும்.

1987ல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் 1500க்கும் மேற்பட்ட தேரைகளைப் பார்த்தார். ஆனால் குட்டைகள் சீக்கிரமே வற்றின. அவர் கண்ட 43,500 முட்டைகளில் ஒரு வாரத்துக்கு மேல் பிழைத்த தலைப்பிரட்டைகள் வெறும் 29. மறு வருடம் அதே இடத்தில் ஒரே ஒரு தேரை. 1989 மே மாதமும் ஒன்றே ஒன்று. அதுதான் கடைசி. 2004ல் அழிந்த இனம் என்று அறிவிக்கப்பட்டது.

இது மட்டுமல்ல நண்பர்களே, அப்பகுதியில் இருந்த 50 தவளை, தேரை இனங்களில் 20 அந்தக் காலகட்டத்தில் மறைந்தன.

காரணம் என்ன? எல் நினோவால் வந்த வறட்சி என்கிறார்கள் சிலர். புவி வெப்பமடைந்து மேகங்கள் மேலே போனதுதான் என்கிறார்கள் வேறு சிலர். கைட்ரிட் என்ற பூஞ்சையின் மீதும் பலமான சந்தேகம் உண்டு. தவளை தோல் வழியாகத்தான் நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. பூஞ்சை தோலைத் தாக்கினால் உப்புச் சமநிலை கெட்டு இதயம் நின்றுவிடும். உலகெங்கும் குறைந்தது 501 இனங்களை இது பாதித்துள்ளது, அவற்றில் 90 அழிந்திருக்கலாம் என்று 2019ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பூஞ்சைக்கும் வெப்பத்துக்கும் காப்பக எல்லை தெரியாது. அதற்காகக் காப்பகம் வீண் என்று சொல்லிவிட முடியாது. அழிந்ததாக நினைத்த சில தவளைகள் 2000க்குப் பிறகு கோஸ்டா ரிக்காவில் மீண்டும் கண்ணில் பட்டன. திரும்பி வர அவற்றுக்குக் காடு மிச்சம் இருந்தது. பொன் தேரைக்கு இருந்ததோ ஒரே ஒரு மலை முகடு. ஒரே இடத்தில் மட்டும் வாழும் உயிரினங்கள் எவை என்று இப்போதே கணக்கெடுத்து, வருடாவருடம் கண்காணிப்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.