கங்கைச் சமவெளியும் அல்-பீரூனியும்

மலைகளைக் குறித்த திருமறை வசனங்களை ஓதியபின், "இக்கால நிலவியலார் கூறுவன அனைத்தையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என மேடைகளில் முழங்குவோர் பெருகிவிட்டனர். அம்முன்னோர் எதை அறிந்தனர், எவ்வாறு அறிந்தனர் என வினவினால் விடையிறுப்போர் அரியர். விடையோ அவர்தம் அரபு நூல்களிலேயே உள்ளது.

ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) குவாரிஸ்மில் பிறந்தவர் அபூ ரைஹான் அல்-பீரூனி. 1017இல் அந்நாடு சுல்தான் மஹ்மூதின் கைப்பட்டபோது அவர் கஜ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். விரும்பி மேற்கொண்ட பயணமன்று அது. எனினும் வடமொழி பயின்று, 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை முடித்தார். சமயமும் சாதி வழக்கமும் அறியவே நம்மவர் அந்நூலைப் புரட்டுகின்றனர். அதில் கற்களைப் பற்றிய சிறு பகுதியொன்றுண்டு. பலர் கண்ணில் அது படுவதேயில்லை.

மலையடிவாரத்தில் ஆறு சீறிப் பாயுமிடத்தே உருண்டை கற்கள் பெரியனவாக உள்ளன. மலையினின்று விலக விலக, நீரின் வேகம் தளரத் தளர, அவை சிறுத்துக்கொண்டே போகின்றன. கழிமுகத்தை நெருங்குமிடத்தில் எஞ்சுவது மணலே. இவ்வொழுங்கைக் கண்ட பீரூனி, இந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என முடிவு கட்டினார். 'தஹ்தீது நிஹாயாதில் அமாகின்' என்னும் மற்றொரு நூலில், அரபுப் பாலையும் முன்னர்க் கடலாயிருந்ததென்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, கிணறு தோண்டுங்கால் வெளிப்படும் சிப்பிகளும் சங்குகளுமாம். கேள்வியால் வந்த முடிவன்று; கண்ணால் வந்தது.

அவரினும் ஏழாண்டு இளையவரான இப்னு ஸீனாவோடு அவர் கடிதவழி வாதிட்டதுண்டு. அரிஸ்டாட்டிலின் கொள்கைகளைப் பீரூனி ஐயுற்று வினவ, இவர் விடையளித்தார். அந்த இப்னு ஸீனா தம் 'கிதாபுஷ் ஷிஃபா'வில் மலைகள் தோன்ற இரு வழிகள் கூறுகிறார். கடும் நிலநடுக்கத்தால் நிலம் உயர்வது ஒன்று. நீரும் காற்றும் மென்னிலத்தை அரித்தெடுக்க, வன்னிலம் எஞ்சி நிற்பது மற்றொன்று. இரண்டாவதற்கு நெடுங்காலம் வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1200ஐ ஒட்டி இப்பகுதி இலத்தீனுக்குச் சென்றது. அங்கே நெடுநாள் அது அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே மதிக்கப்பட்டது! நாம் முழங்க வேண்டிய இடம் இதுவன்றோ?

ஆயினும் நிலம் நகர்கின்றது என்பதை இவ்விருவரும் அறியார். கண்டங்கள் இடம்பெயர்ந்தன என வேகனர் 1912இல் கூறியபோதும் உலகம் உடனே ஏற்கவில்லை. நிலத்தட்டுக் கொள்கை 1960களிலேயே நிலைபெற்றது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது. அதனால் இமயம் எழுந்தது. அதன் பாரத்தால் முன்னிலம் வளைந்து தாழ்ந்தது. அப்பள்ளத்தை ஆறுகளின் வண்டல் நிரப்பிற்று. சிலவிடங்களில் அதன் கனம் சில கிலோமீட்டர். ஆக, வண்டலைப் பற்றிப் பீரூனி கண்டது நிலைத்தது; கடலைப் பற்றியதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழங்கடலின் தடமோ அவர் எண்ணாத உயரத்தில், எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக் கல்லில், கடலுயிர்களின் எச்சமாக உறைந்து கிடக்கின்றது.

தஃப்ஸீர் பாடத்தின்போது மாணவர் இதுபற்றி வினவினால், இவ்விரு நூல்களின் அப்பகுதிகளை எடுத்து அவர்கள் முன் வைக்கிறேன். நிலத்தட்டுகளைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.