இளவரசனைக் காணவில்லை! (அத்தியாயம் 9)

மாஹிமில் ரயிலேறி கிராண்ட் ரோட்டில் இறங்கிய தாராவிப் பையன்களைச் சென்ற வாரம் லேமிங்டன் ரோட்டுக் கடைவாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தோம். அவர்கள் கேட்டு வந்த டிஸ்க்கின் பெயர் என்ன?

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்'. 2003 இறுதியில் யூபிசாஃப்டின் மான்ட்ரியல் ஸ்டூடியோ இறக்கிய ஆட்டம். பிளேஸ்டேஷன் 2-க்குள் ஒரு சிப் பொருத்திவிட்டால் நகல் டிஸ்க்கும் ஓடும். மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் அசலைப் பணம் கொடுத்து வாங்கி ஆடியவர் யாராவது இருந்தால் அவரைக் கூப்பிட்டு மாலை போடலாம்.

கதை நம் மண்ணில் தொடங்குகிறது. ஓர் இந்திய மகாராஜாவின் அரண்மனையைப் பாரசீகப் படை சூறையாடுகிறது. இளவரசனிடம் ஒரு குறுவாள் சிக்குகிறது. அது கையில் இருந்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். தவறி விழுந்தவன் மறுபடி விளிம்பில் நிற்பான். கூட வருபவள் மகாராஜாவின் மகள் ஃபாரா. (அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று மான்ட்ரியலில்தான் விசாரிக்க வேண்டும்!)

அந்த நாளில் ரிலீஸ் என்றால் டிஸ்க் பெட்டிக்குள் போனதோடு சரி. பிழை இருந்தால் இருந்ததுதான். ஆனால் செலவும் காலமும் ஓரளவு கைக்குள் அடங்கியிருந்தன. 2001, 2002, 2004 என ஜிடிஏ வரிசையில் மூன்று பெரிய ஆட்டங்களை பிளேஸ்டேஷன் 2 ஒன்றுக்கே தந்தது ராக்ஸ்டார். அதன் பிறகு கணக்கு தலைகீழானது. 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்து மூன்றே நாளில் 100 கோடி டாலர் வசூலித்த ஜிடிஏ 5, 2014-ல் பிளேஸ்டேஷன் 4-க்கும், 2022-ல் பிளேஸ்டேஷன் 5-க்கும் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று தலைமுறைக்கு ஒரே ஆட்டம்! திரையில் துல்லியம் ஏற ஏற, ஆட்களும் ஆண்டுகளும் கூடிக்கொண்டே போயின. புதிதாக எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்ளப் பயந்த நிறுவனங்கள் பழைய பெட்டகத்தைத் திறந்தன.

யூபிசாஃப்ட் திறந்தபோது கையில் சிக்கியவன் நம் இளவரசன். அவனுடைய பழைய ஆட்டத்தைப் புதிதாக எடுக்கும் ரீமேக் வேலையை ஒப்படைத்த இடம்தான் ஆச்சரியம்: புனேயும் மும்பையும். புனே ஸ்டூடியோ 2008 முதல் அவர்கள் கையில் இருந்தது; மும்பை ஸ்டூடியோ 2018-ல்தான் திறந்தது. வெளிநாட்டு ஆட்டங்களுக்குக் கைகொடுத்தே பழகிய ஊரில், பெயர் சொல்லும் கன்சோல் ஆட்டம் ஒன்று முதல்முறையாகப் பிறக்கப் போகிறது என்ற பரபரப்பு. லேமிங்டன் ரோட்டில் நகலாக விற்ற அதே ஆட்டம்!

2020 செப்டம்பர் 10. டிரெய்லர் வந்தது. 2021 ஜனவரி 21-ல் ரிலீஸ் என்றார்கள். ஆனால் படம் ஓடி முடிவதற்குள் கேலி தொடங்கிவிட்டது. முகங்களில் உயிரில்லை, பதினேழு வருடப் பழைய ஆட்டம் போலவே இருக்கிறது என்று உலகம் சிரித்தது. இந்தச் சித்திர பாணி நாங்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது என்று ஸ்டூடியோ சொன்ன விளக்கம் எடுபடவில்லை.

கேலியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேரம் அவர்களுக்குச் சதி செய்தது. ரீமேக் அறிவிக்கப்பட்டது பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கு. பார்த்தவர்களின் கண்ணோ இரண்டு மாதத்தில் வரவிருந்த பிளேஸ்டேஷன் 5 மேல். அந்த கன்சோல் இந்தியக் கடைகளுக்கு வந்ததே 2021 பிப்ரவரி 2-ல், 49,990 ரூபாய்க்கு. நம் ஊரில் விற்பனைக்கே வராத பெட்டியை அளவுகோலாக வைத்து மும்பைக்காரர்களை அளந்தார்கள்.

டிசம்பரில் தேதி மார்ச் 18-க்குத் தள்ளிப்போனது. பிப்ரவரியில் அந்தத் தேதியும் போனது. புதுத் தேதி எதுவும் வரவில்லை. காலத்தைத் திருப்பும் குறுவாள் ஆட்டத்துக்குள் மட்டும்தான் இருந்தது.

2022 மே மாதம் இடி விழுந்தது. ஆட்டம் புனே, மும்பை கையைவிட்டு மான்ட்ரியலுக்கே போனது. இங்கே நடந்த வேலையின் மேல்தான் கட்டுவோம் என்று மான்ட்ரியல்காரர்கள் மரியாதையாகச் சொன்னார்கள்.

ஆறே மாதம். நவம்பரில் முன்பதிவு நிறுத்தப்பட்டது. பணம் கட்டியவர்கள் வேண்டுமானால் கடையில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றது யூபிசாஃப்ட். அதே மூச்சில், ஆட்டம் கைவிடப்படவில்லை என்றும் சொன்னது.

கைவிடாத ஆட்டத்துக்கு எதற்காகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்? மான்ட்ரியலில் அப்போது இளவரசன் உண்மையில் எந்த நிலையில் இருந்தான்?

(தொடரும்)